விலகல் கடிதத்தில் எழுதப்படாதவை: தாதியர் பணி குறித்து வாசகர் கேள்வி–பதில்

ஆகஸ்ட் 1 சிங்கப்பூரில் தாதியர் தினம். 1885ஆம் ஆண்டு அதே நாளில்தான், சிப்பாய் லைன்சில் இருந்த பொது மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பைப் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் ஏற்றார்கள். அந்த நாளையொட்டி, தாதியர் வேலையை விட்டுப் போவதற்கு வேலையிடமே காரணமாகிறதா என்று வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வார்டில் நின்று ஓய்வுபெற்றவள் என்பதால், படித்து அறிந்ததோடு பட்டு அறிந்ததையும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா அவர்களுக்கு வணக்கம். தஞ்சாவூரில் தாதிமைப் பட்டம் முடித்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூருக்கு வந்தேன். அரசாங்க மருத்துவமனை ஒன்றில் பதிவுபெற்ற தாதியாக இருக்கிறேன். சம்பளத்தைக் குறை சொல்ல மாட்டேன். உடன் வேலை பார்ப்பவர்களும் நல்லவர்கள். ஆனாலும் ஷிப்ட் முடிந்து பேருந்தில் உட்கார்ந்ததும், எதையோ பாதியில் போட்டுவிட்டு வந்ததுபோல் மனம் உறுத்துகிறது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இது என் பலவீனமா? — ஒரு தாதி, ஈசூன்

பதில்: பாதியில் போட்டுவிட்டு வந்ததுபோல் இருக்கிறது என்கிறீர்கள். உண்மையாகவே சிலவற்றைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். அதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

என் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். பக்கவாதம் வந்து விழுங்கும் சக்தி குறைந்திருந்ததால், கெட்டியாக்கிய கஞ்சியை அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் கொடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். ஒரு கிண்ணம் முடிய இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஒரு நாள் மதியம் நான்காவது கரண்டியில் இரண்டு அழைப்பு மணிகள் சேர்ந்து ஒலித்தன. கிண்ணத்தை மேசைமீது வைத்துவிட்டு ஓடினேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது கஞ்சி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. என்னைக் கண்டதும் அவர் வாயைத் திறந்தார். எந்தப் பதிவேட்டிலும் அது தவறாக ஏறவில்லை; யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு நினைவிருப்பது அந்தத் திறந்த வாய்தான்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தும் அப்படிச் செய்ய முடியாமல் போவதே தாதியின் மனத்தை அரிக்கும் முதல் காரணம் என்பது என் முடிவு. உடல் அலுப்பு ஒரு நாள் தூக்கத்தில் தீரும், இது தீராது. இதற்கும் ஆள் கணக்குக்கும் நேரடித் தொடர்பு இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் லிண்டா ஏய்க்கனும் அவருடைய குழுவினரும் 2002இல் எடுத்துக்காட்டினார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாதியரின் பதில்களையும், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் விவரங்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அத்தாதி பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடும், வேலையில் நிறைவின்மை கொள்ளும் வாய்ப்பு 15 விழுக்காடும் கூடுவதாகத் தெரிந்தது. நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 விழுக்காடு உயர்ந்தது. உங்கள் மனத்தில் இருக்கும் பாரமும் அந்த நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று தெரிந்த பிறகு, இதைப் பலவீனம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் கவனியுங்கள். பணிச்சோர்வை அளக்கக் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் வகுத்த அளவுகோலில் மூன்று கூறுகள் உண்டு: உணர்வு வற்றிப் போதல், எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் விலகிப் போதல், தன்னால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம். நடுவில் உள்ளதே ஆபத்தானது. திருவாட்டி இன்னார் என்று இருந்தவர் 'பெட் பதினேழு' ஆகிவிடுவார். மணி அடித்தால் காது கேட்கும், கால் நகராது. அந்த நிலைக்குப் போனவருக்குப் பேருந்தில் உறுத்தல் வராது. உங்களுக்கு இன்னும் உறுத்துகிறது என்றால், நீங்கள் அந்தப் படியில் கால் வைக்கவில்லை என்று பொருள். உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் நோய்களின் வகைப்பாட்டைத் திருத்தியபோது, பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல் வேலையிடத்தோடு ஒட்டிய நிலை என்றே வரையறுத்தது.

சரி, விலகலாமா? இரவு ஷிப்ட் போகும் வாரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு, ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் அன்று விட்டுப்போனவற்றை நோயாளி பெயர் இல்லாமல் ஒரு வரியில் எழுதி வையுங்கள்: திருப்பிப் படுக்க வைக்கவில்லை, வீட்டுக்குப் போகிறவருக்கு இன்சுலின் போடும் முறையைச் சரியாக விளக்கவில்லை என்பது போல. எல்லாமே ஆள் பற்றாமையால் விட்டுப்போனவை என்றால், அந்தத் தாளோடு வார்டு மேலாளரிடம் பேசலாம். மனக்குறையாகச் சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும், கணக்காகக் காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும். அதன் பிறகும் மாறவில்லை என்றால் வார்டை மாற்றிக் கேளுங்கள். வார்டை விடுவது, மருத்துவமனையை விடுவது, தொழிலை விடுவது ஆகிய மூன்றும் வேறு வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, பாலிகிளினிக் எனப்படும் பலதுறை மருந்தகத்திலோ ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திலோ சமூகத் தாதிமையிலோ நன்றாக இருந்திருக்கக்கூடிய பலர் ஊர் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். இத்தனை ஆண்டு வேலை செய்வேன் என்று கையெழுத்திட்ட பாண்டு ஏதும் இருந்தால், எத்தனை மாதம் மீதி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். தாதியருக்குச் சம்பளத்தைக் கூட்டினார்கள். இப்போது நூறாயிரம் வெள்ளி வரை கொடுக்கிறார்கள். எங்கள் காலத்தில் யார் இப்படிக் கொடுத்தார்கள்? இன்னும் ஏன் விலகுகிறார்கள்? — வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கொடுத்தது உண்மைதான் ஐயா; கொடுக்க வேண்டியதும்தான். 2021 ஜூலை தொடங்கி இரண்டு ஆண்டுகளில் பொதுத்துறைத் தாதியரின் அடிப்படைச் சம்பளம் 5 முதல் 14 விழுக்காடு வரை உயர்ந்தது. 2024 பிப்ரவரியில் ஏஞ்சல் திட்டம் அறிவிக்கப்பட்டது. பொதுச் சுகாதாரத் துறையில் நீடித்துப் பணிபுரிவோருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை என்று 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை அதில் கிடைக்கும். பணம் பெரிதில்லை என்று பேசுவது, மாதக் கடைசியை எண்ணிப் பார்க்கத் தேவையில்லாதவர்களின் பேச்சு. அதை நான் பேச மாட்டேன்.

ஆனால் பணம் எந்த வேலையைச் செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பர்க் 1959இலேயே ஒரு வேறுபாட்டைச் சொன்னார். சம்பளம், விதிமுறை, மேற்பார்வை போன்றவை சரியில்லாவிட்டால் மனக்குறை வரும். அவை சரியானால் மனக்குறை போகும். ஆனால் மனநிறைவு அதனால் மட்டும் வந்துவிடாது. மனநிறைவு, செய்த வேலையிலிருந்தும் அதற்குக் கிடைக்கும் மதிப்பிலிருந்தும் வருகிறது. சோற்றில் உப்பில்லாவிட்டால் சாப்பிட முடியாது; அதற்காக உப்பு மட்டுமே சோறாகிவிடாது.

எண்களையும் பாருங்கள். கொவிட் காலத்தில், 2021இன் முதல் பாதியில் மட்டும் ஏறத்தாழ 1,500 சுகாதாரப் பணியாளர்கள் விலகினார்கள். பெருந்தொற்றுக்கு முன் ஓர் ஆண்டு முழுவதற்குமே ஏறத்தாழ 2,000 பேர்தான். அந்த நவம்பரில் மூத்த துணை அமைச்சர் ஜனில் புதுச்சேரி நாடாளுமன்றத்தில் இதைத் தெரிவித்தார். அந்த ஆண்டில் உள்ளூர்த் தாதியரின் விலகல் விகிதம் 7.4 விழுக்காடு, வெளிநாட்டுத் தாதியருடையது 14.8 விழுக்காடு. ஒரே வார்டு, ஒரே சீருடை, ஒரே ஷிப்ட் அட்டவணை (ரோஸ்டர்). விலகல் மட்டும் இரண்டு மடங்கு. எல்லைகள் மூடிக் கிடந்த காலம் அது. ஊரில் பெற்றவர் இறந்தாலும் முகம் பார்க்கப் போக முடியாதவர்கள் அந்த 14.8இல் இருந்தார்கள். எல்லை திறந்த பிறகும் ஒரு சிக்கல் நீடிக்கிறது. கணவனையோ பிள்ளையையோ சார்ந்திருப்போர் அட்டையில் இங்கே அழைத்துவர, எம்பிளாய்மெண்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் வைத்திருப்பவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளியாக இருக்க வேண்டும். வார்டில் நிற்கும் இளம் தாதியர் பலருக்கு அது எட்டாத உயரம். பிள்ளை கைப்பேசித் திரையிலேயே பல் முளைத்து, நடை பழகி, பள்ளிக்குப் போய்விடுகிறது. குடும்பத்தோடு வரலாம் என்று இன்னொரு நாடு கூப்பிட்டால் போகாமல் என்ன செய்வார்?

செலவே இல்லாத மாற்றமும் உண்டு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2021 நவம்பர் 1 முதல், பொதுச் சுகாதாரத் துறையில் முஸ்லிம் பெண் பணியாளர்கள் சீருடையோடு தலைத்துணி அணியலாம் என்றானது. வீட்டிலிருந்து அணிந்து வந்ததை உடைமாற்றும் அறையில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குள் நுழைந்த மலாய்ச் சகோதரிகளோடு ஆண்டுக் கணக்கில் பணிபுரிந்தவள் நான். அந்தச் சிறிய கழற்றல் அவர்களுக்கு எவ்வளவு பெரியதாக இருந்தது என்பது, அது நின்ற பிறகே எனக்கு முழுதாக விளங்கியது.

கேள்வி: நான் வார்டு மேலாளர். ஓராண்டில் நான்கு பேர் என் வார்டிலிருந்து விலகிவிட்டார்கள். நால்வருமே 'சொந்தக் காரணம்' என்றே எழுதினார்கள். ஆள் கூட்டும் அதிகாரமோ சம்பளம் கூட்டும் அதிகாரமோ என்னிடம் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்? — பெயர் வேண்டாம், செங்காங்

பதில்: 'சொந்தக் காரணம்' என்பது விலகல் கடிதத்தில் கதவைச் சத்தமில்லாமல் சாத்தும் சொல். நற்சான்று வேண்டும், மனக்கசப்பு வேண்டாம் என்பவர்கள் அதைத்தான் எழுதுவார்கள். எனக்கும் அப்படி ஒருத்தி எழுதிக் கொடுத்தாள்.

அப்போது நானும் உங்கள் நாற்காலியில் இருந்தேன். விடுப்புக் கேட்பவர்கள் ரோஸ்டர் போடுவதற்கு முன் ஒரு நோட்டில் குறித்து வைப்பது அந்த வார்டின் வழக்கம். அவள் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக இரண்டு மாதத்துக்கு முன்பே பென்சிலால் நான்கு நாளைக் குறித்திருந்தாள். அதே வாரத்தில் வேறு இருவர் விடுப்பில் இருந்ததால், நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அந்த நான்கு நாளிலும் ஷிப்டைப் போட்டு, ரோஸ்டரைச் சுவரில் ஒட்டிவிட்டேன். அவள் வந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து விலகல் கடிதம் கொடுத்தாள். ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதை அவளை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம், யாராவது மாற்றிக்கொள்கிறார்களா என்று அவள் முன்னாலேயே கேட்டிருக்கலாம். விடுப்பு கிடைக்காததைவிட, கேட்டதாகவே நான் காட்டிக்கொள்ளாததுதான் அவளை அனுப்பியது என்று பின்னால் வேறொருவர் மூலம் தெரிந்துகொண்டேன்.

ஆகவே உங்கள் கையில் ஒன்றும் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. 2002இல் அமெரிக்க ஆய்வாளர் ஐலீன் லேக், தாதியரின் பணிச்சூழலை அளக்க ஒரு வினாநிரல் அமைத்தார். உலகெங்கும் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர் ஐந்து பகுதிகளைப் பார்த்தார். ஆள்பலமும் வசதிகளும் அவற்றில் ஒன்றுதான். தரமான கவனிப்புக்கான அடித்தளம், மருத்துவமனை விவகாரங்களில் தாதியருக்குள்ள பங்கு, மருத்துவர்களோடு உள்ள உறவு ஆகியவை மற்ற மூன்று. ஐந்தாவது, நேரடி மேலாளரின் திறமையும் ஆதரவும், அதாவது நீங்கள். அதற்கு முன்பே 1983இல், ஆள் கிடைக்காமல் மற்ற மருத்துவமனைகள் திண்டாடிய காலத்தில் 41 அமெரிக்க மருத்துவமனைகள் மட்டும் தாதியரை ஈர்த்துத் தக்கவைத்துக்கொண்டது எப்படி என்று ஓர் ஆய்வு கேட்டது. அவற்றைக் காந்த மருத்துவமனைகள் என்றார்கள். வார்டில் எதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை தாதியருக்கு இருந்ததும், சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளும் தலைமை இருந்ததும் அங்கே தெரிந்தன. பின்னர் அந்தப் பெயரிலேயே வழங்கத் தொடங்கிய அங்கீகாரத்தை ஆசியாவில் முதலில் பெற்றது நம் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைதான், 2010இல்.

நடைமுறைக்கு வருகிறேன். ரோஸ்டரை இயன்றவரை முன்கூட்டியே ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால், மாற்றப்பட்டவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் போதாது. மாலை ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வீடு சேர்ந்தவரை மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லும் வழக்கம் உங்கள் வார்டில் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். ஷிப்ட் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழன்றால் உடல் தாங்கும். யாராவது எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால், திரும்பி வந்ததும் 'உடம்பு எப்படி இருக்கிறது' என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். 'அன்றைக்கு நாங்கள் பட்ட பாடு' என்று ஆரம்பிக்காதீர்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு யாராவது முறையாக எழுதிக் கொடுத்தால், 2024 டிசம்பர் 1இல் நடப்புக்கு வந்த முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டியின்படி முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் உங்கள் மேசையில் தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலகியவர்களிடம் காரணம் கேட்பதைவிட, ஏழெட்டு ஆண்டாக உங்களோடு இருப்பவரிடம் 'எது உங்களை இங்கே வைத்திருக்கிறது, எது போகச் சொல்கிறது' என்று ஒரு காப்பி நேரத்தில் கேளுங்கள். போனவர் உண்மையைச் சொல்ல மாட்டார். இருப்பவர் சொல்வார், நீங்கள் குறிப்பெடுக்காமல் இருந்தால்.

கேள்வி: மருத்துவமனையில் இருந்த எங்கள் அம்மாவுக்கு வலி மருந்து தாமதமானது என்று என் தம்பி தாதி ஒருவரைக் கண்டபடி பேசிவிட்டான். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. — திருமதி, பிடோக்

பதில்: உங்கள் வெட்கம் நியாயமானது. சுகாதாரப் பணியாளர்களைத் தொல்லையிலிருந்து காக்க 2022இல் ஒரு முத்தரப்புப் பணிக்குழு அமைக்கப்பட்டது. 3,000க்கும் மேற்பட்ட பணியாளர்களிடம் அது எடுத்த ஆய்வில், மூவரில் இருவருக்கு மேல் முந்தைய ஓராண்டில் வசவையோ தொல்லையையோ அனுபவித்ததாக அல்லது நேரில் கண்டதாகச் சொன்னார்கள். பொதுச் சுகாதாரப் பணியாளரை வேலை நேரத்தில் திட்டுவதும் மிரட்டுவதும் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம் என்பதை உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள்.

வலி மருந்து தாமதமானதைக் கேட்பது உங்கள் உரிமை. அதை யாரும் மறுக்கவில்லை. மருந்தைக் கொண்டுவரும் தாதி, அந்த அளவை எழுதும் மருத்துவர், மருந்தை அனுப்பும் மருந்தகம் என்று மூன்று இடத்தில் எங்கே தடைபட்டது என்று கேட்டால் பதில் கிடைக்கும். மூன்றுக்கும் சேர்த்துத் திட்டு வாங்குவது மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தாதி. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றால், தம்பியையே அழைத்துப் போய் அந்தத் தாதியிடம் ஒரு வார்த்தை சொல்ல வையுங்கள். பழமும் பிஸ்கட்டும் வேண்டாம். பெரும்பாலும் வாங்கிக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இல்லை.

கேள்வி: சாதாரண நிலைத் தேர்வு எழுதவிருக்கும் என் மகள் தாதிமை படிக்கப் போகிறேன் என்கிறாள். இரவு வேலை, மாப்பிள்ளை கிடைக்காது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது? — ஒரு தாய், தெம்பனிஸ்

பதில்: மாப்பிள்ளை விவகாரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என்னோடு படித்தவர்களில் பலருக்குக் கல்யாணம் ஆனது, சிலருக்கு ஆகவில்லை. மற்ற வேலைக்குப் போன பெண்களின் கணக்கும் ஏறத்தாழ அதுவே.

இரவு வேலை உண்டு. அதை மறைக்க வேண்டாம். வேலைக்குப் பஞ்சமும் இல்லை. தாதியர், துணை மருத்துவ நிபுணர்கள், பராமரிப்பு உதவியாளர்கள் ஆகியோரின் எண்ணிக்கையை 58,000இலிருந்து 2030க்குள் 82,000 ஆக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு கூறியிருக்கிறது. நன்யாங், நீ ஆன் ஆகிய இரண்டு பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தாதிமைப் பட்டயப் படிப்பு உண்டு. ஜனவரியில் நடக்கும் திறந்த நாளுக்கு மகளோடு நீங்களும் போங்கள். கூடத்தில் நிற்கும் விரிவுரையாளரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வேலைப் பயிற்சிக்காக வார்டுக்குப் போய்வந்த மூன்றாம் ஆண்டு மாணவியைத் தேடிப் பிடித்து, அங்கே இருந்த நாளில் மதியச் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள்.